வேப்பங்கொட்டையும் அறமும்

எமது கமக்காரர் பயிரைத் தின்னும் பூச்சிகளைக் கொல்வதற்காகத் தெளிக்கும் நஞ்சினை நஞ்சென்று சொல்வதில்லை; மருந்து என்றே சொல்வர். "மிளகாய்க்கு மருந்தடிச்சாச்சோ?" என்பது யாழ்ப்பாணத்துத் தோட்ட வரம்புகளிலே நாளாந்தம் கேட்கும் விசாரிப்பு. கொல்லும் பொருளுக்குக் குணமாக்கும் பொருளின் பெயர் வந்து சேர்ந்தமையைச் சாதாரண சொல் வழக்கென்று விட்டுவிடல் இயலாது. நஞ்சு என்ற சொல் அச்சத்தைத் தரும். அச்சம் கேள்வியைப் பிறப்பிக்கும். மருந்து என்ற சொல் நம்பிக்கையைத் தருகின்றது. நம்பியவன் கேள்வி கேட்பதில்லை.

அண்மைக் காலத்தில் இம்மருந்துக்கு மாற்றாக வேறொரு மருந்து பேசப்படுகின்றது. வேப்பங்கொட்டைச் சாறு, உள்ளியும் மிளகாயும் அரைத்த கரைசல், புகையிலை ஊறவைத்த நீர் முதலியன 'இயற்கை மருந்து' என்ற பெயரோடு பாடசாலைத் தோட்டங்களிலும் வீட்டு வளவுகளிலும் இடம்பெற்று வருகின்றன. இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் 'மருந்து' என்ற சொல்லைப் போலவே 'இயற்கை' என்ற சொல்லும் நம்பிக்கையைத் தந்து கேள்வியை நிறுத்திவிடும் வல்லமை உடையது. இக்கட்டுரை அந்த இரண்டாவது சொல்லைப் பற்றியது.

இதனை எழுதத் தூண்டியவள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பாடசாலைத் தோட்டத்திலே கத்தரிச் செடிகளுக்கு வேப்பங்கொட்டைச் சாறு தெளித்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "சேர், வேப்பங்கொட்டைத் தண்ணி அடிச்சாலும் பூச்சி சாகுந்தானே? பிறகேன் அதை மட்டும் நல்லதெண்டு சொல்லுறியள்?" இரசாயனப் பீடைகொல்லிகளின் தீமைகளைப் பற்றி அரைமணி நேரம் பேசி முடித்திருந்த இக்கட்டுரையாளனிடம் அக்கேள்விக்கு உடனடி விடை இருக்கவில்லை. "இது இயற்கையானது" என்று சொல்ல வாயெடுத்து, அது விடையாகாதென்பது அக்கணமே புலப்பட்டதால் நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. அன்று கொடுக்காத விடையை ஈண்டு தேட முயல்வோம்.

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றிய மரபு எமது இலக்கியத்தில் உண்டு. அம்மரபை அதன் எல்லை வரை கொண்டுசெல்வோமாயின் கமத்தொழிலே பாவமாகிவிடும். கொழு மண்ணைக் கீறும்போதே எண்ணற்ற உயிர்கள் அழிகின்றன. தாமே கொல்லாது, பிறர் கொன்று விளைவித்த சோற்றை உண்டு கொல்லாமை பேசுவது, உழைப்பவன் தலையிற் பாவத்தையும் உண்பவன் தலையிற் புண்ணியத்தையும் ஏற்றிவைக்கும் ஏற்பாடேயாகும். அந்த அறத்தை நாம் ஏற்பதற்கில்லை. உணவுக்காகப் பயிர்செய்யும் மனிதன் தன் பயிரைக் காத்துக்கொள்ள உரிமையுடையவன்.

ஆனால் அவ்வுரிமைக்கு எல்லை உண்டு. பூச்சி எதுவும் பிறக்கும்போதே பீடையாகப் பிறப்பதில்லை. காட்டிலே பல்வேறு செடிகளிடையே சிதறி வாழ்ந்த அழுக்கணவனுக்கும் மயிர்க்கொட்டிக்கும் ஒரே வகைச் செடியை வரிசை வரிசையாக நட்டு விருந்து வைத்தவர் நாம். அவற்றைப் பீடையாக்கியதில் எமது பயிர்ச்செய்கை முறைக்கும் சந்தைக்கும் பங்குண்டு. எனவே, கொல்ல வேண்டி வரும்போது தேவைக்கு மிஞ்சிக் கொல்லாதிருத்தலும், எமது பயிரைத் தின்ன வராத உயிரை அழிக்காதிருத்தலும் எமது கடமையாகின்றன. மாணவியின் கேள்விக்கு இது பாதி விடை. பூச்சி சாகின்றதா என்பதோடு எவை சாகின்றன, எத்தனை சாகின்றன, பிறகு யார் துன்பப்படுகின்றனர் என்பவற்றையும் கேட்க வேண்டும்.

இனி, இயற்கை என்ற சொல்லை நோக்குவோம். தாவரங்கள் எமக்காக நஞ்சு உற்பத்தி செய்வதில்லை. ஓடித் தப்ப முடியாத உயிர்களாகிய அவை தம்மைத் தின்ன வருவோரிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்வதற்காகப் பலகோடி ஆண்டுகளாக உருவாக்கிய ஆயுதங்களே அந்நஞ்சுகள். வேம்பின் முக்கிய பூச்சிகொல்லிப் பொருளான அசாடிராக்டின் 1968இல் பிரித்தானிய ஆய்வாளராற் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் மூலக்கூறு மிகவும் சிக்கலானது. அதனை ஆய்வுகூடத்தில் முழுமையாகத் தொகுத்து ஆக்குவதற்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ஏறத்தாழ 22 ஆண்டுகள் பிடித்தன. 2007இலேயே அம்முயற்சி நிறைவெய்தியது. ஆகவே 'இரசாயனமற்ற தோட்டம்' என்று ஒன்று இல்லை. முற்றத்து வேம்பே ஓர் இரசாயன ஆலை.

அவ்வாலைகளிற் சில மிகக் கொடிய பொருளை ஆக்குகின்றன. யாழ்ப்பாணம் நன்கறிந்த பயிர் புகையிலை. ஒல்லாந்தர் காலத்திலேயே அது திருவிதாங்கூருக்குச் சென்று எமது நாட்டுக்குப் பணம் கொணர்ந்தது. அதன் இலையிலுள்ள நிக்கொற்றீன், பூச்சிகளின் நரம்புகளைத் தாக்குவது போலவே மனிதரின் நரம்புகளையும் தாக்கும். தோலினூடாகவும் உடலிற் சேரும். ஈரமான புகையிலையைக் கையாளும் தொழிலாளருக்குத் தலைச்சுற்றும் வாந்தியும் உண்டாவது இதனாலேயே. அன்றியும், புகையிலைச் சாற்றினால் அதன் தேமல் நோய் வைரசு மிளகாய், தக்காளி முதலிய உறவுப் பயிர்களுக்குத் தொற்றவுங்கூடும். தென்கிழக்காசிய மக்கள் மீன்பிடிக்கப் பயன்படுத்திய தெரிஸ் கொடியின் வேரிலிருந்து கிடைக்கும் ரொட்டெனோன் நெடுங்காலம் 'தீங்கற்ற' இயற்கைப் பூச்சிகொல்லியாக விற்கப்பட்டது. அது செலுத்தப்பட்ட எலிகளிடத்துப் பார்க்கின்சன் நோயை ஒத்த குறிகள் தோன்றுவதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. வேம்புங்கூட முற்றாகக் குற்றமற்றதன்று. கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயை உள்ளே கொடுத்ததால் வலிப்பும் மரணமும் நேர்ந்தமை மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. தாவரத்திலிருந்து வந்தது என்பது ஒரு பொருளின் பிறப்பைச் சொல்லும். அதன் நடத்தையைச் சொல்லாது. பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு தீர்க்கும் பழக்கத்தின் கொடுமையை எமது சமுதாயத்திற்கு வேறொருவர் வந்து விளக்க வேண்டியதில்லை.

மறுபுறத்தில், செயற்கை என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைப் பழிப்பதும் பொருந்தாது. 1934, 35ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்குச் சென்று நோயாளரிடையே பணியாற்றிய அந்நாள்கள் இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் பிறப்போடு கலந்தவை. 1940களின் பிற்பகுதியில் டி. டி. ரி. வீடுகளின் உட்சுவர்களிலே தெளிக்கப்பட்டதும் அந்நோய் வேகமாகப் பின்வாங்கியது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. கண்காணிப்புத் தளர்ந்ததும் 1968, 69இல் அது மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது; நுளம்புகள் அந்நஞ்சைத் தாங்கவும் பழகின. பல்லாண்டு காலப் பொதுச் சுகாதார உழைப்பின் பின், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடாக ஏற்றது. வீட்டுச் சுவரில் அளவறிந்து தெளித்தபோது ஏழையின் உயிரைக் காத்த அதே பொருளை வயல்வெளியெங்கும் அளவின்றிக் கொட்டியதன் விளைவையே றேச்சல் கார்சன் 1962இல் தமது 'மௌன வசந்தம்' என்ற நூலில் எடுத்துரைத்தார். பொருள் மாறவில்லை. அதனை ஏந்திய கையும் அக்கையின் நோக்கமுமே மாறின.

எனவே அறம் பொருளிலே குடியிருப்பதன்று. பொருளினூடாக மனிதர் மண்ணோடும் பிற உயிர்களோடும் ஒருவரோடொருவரும் கொள்ளும் உறவிலேயே அது குடியிருக்கின்றது. இந்த நோக்கில் வேப்பங்கொட்டையைப் பார்ப்போமாயின் அதன் உண்மையான சிறப்புத் தெளிவாகும்.

வேப்பஞ்சாறு பூச்சியை உடனே வீழ்த்துவதில்லை. இலையின் சுவையைக் கெடுத்துப் பூச்சியைத் தின்னவிடாது தடுக்கின்றது, தின்ற புழு தோல் கழற்றி வளர்வதைக் குழப்புகின்றது, முட்டையிடுதலைக் குறைக்கின்றது. பெரும்பாலும் இலையைத் தின்ற பூச்சியே பாதிக்கப்படுகின்றது; அப்பூச்சியைப் பிடித்துத் தின்னும் சிலந்திக்கும் பொறிவண்டுக்கும் நேரும் தீங்கு மிகக் குறைவு. வெயில் பட்டதும் சில நாள்களில் அது சிதைந்து போகின்றது. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை மற்றெல்லா மரங்களையும் மொட்டையாக்கிச் சென்றபின்னும் வேம்பு பச்சையாக நின்றதைக் கண்ட ஜேர்மன் பூச்சியியலாளர் ஹைன்றிச் சுமுட்டெரர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அம்மரத்தின் ஆய்வுக்கு அளித்தார். அம்மரம் வெட்டுக்கிளிகளைக் கொன்று குவிக்கவில்லை. தன்னைத் தின்னவிடாது தடுத்தது. தேவைக்கு மிஞ்சிக் கொல்லாதிருத்தல் என்று மேலே கூறிய கடமைக்கு இத்தகைய கருவி நெருக்கமானது. இதுவே வேம்பின் சிறப்பு. அது மரத்திலே காய்த்தது என்பதனால் இச்சிறப்பு வந்துவிடவில்லை.

இங்கே குடாநாட்டின் நிலத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். எமது வளவுகளைச் சுற்றி வேலிகள் உண்டு. வேலிக்காக வழக்காடியே காணியை விற்ற குடும்பங்களும் உண்டு. ஆனால் வேலி மண்ணுக்கு மேலேதான். கீழே இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது அதனூடாகக் கீழிறங்கிப் பொதுவான நிலத்தடி நீரைச் சேரும். தோட்டக் கிணற்று நீரும் குடிநீர்க் கிணற்று நீரும், என் வளவு நீரும் அயலவன் வளவு நீரும் ஒன்றே. அளவுக்கு மிஞ்சிய பசளையினால் இந்நீரில் நைத்திரேற்று ஏறியுள்ளமையை ஆய்வுகள் பன்முறை காட்டியுள்ளன. "என் தோட்டம், என் மருந்து, என் விருப்பம்" என்று சொல்லக்கூடிய நிலம் இது அன்று. வேகமாகச் சிதையும் பொருளைத் தேர்தல் இங்கே அயலவனுக்குச் செய்யும் கடமையாகின்றது.

அடுத்து, நஞ்சினால் வரும் ஆபத்தைச் சுமப்பவர் யார் என்ற வினா எழுகின்றது. பீடைகொல்லியின் இலாபம் ஓரிடத்திற் சேர்கின்றது. ஆபத்து வேறோரிடத்திற் சேர்கின்றது. 1984 மார்கழியிலே போபால் நகரில் யூனியன் காபைட் தொழிற்சாலையிலிருந்து கசிந்த நச்சுவாயு, பூச்சிகொல்லி தயாரிப்பதற்காக வைத்திருந்த பொருளிலிருந்து எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், அவர்களிற் பெரும்பாலோர் தொழிற்சாலையைச் சுற்றிக் குடிசைகளில் வாழ்ந்த ஏழைகள். எமது நாட்டிலும் வெறுங்காலோடும் வெறுங்கையோடும் தெளிகருவியை முதுகிற் சுமப்பவன் பெரும்பாலும் தோட்ட உடைமையாளன் அல்லன், நாட்கூலிக்கு வந்தவன். நஞ்சுப் புட்டியில் ஒட்டிய தாளின் சிற்றெழுத்துக்களை அவன் வாசித்திருப்பான் என்று எதிர்பார்ப்பது, பொறுப்பை உற்பத்தியாளரிடமிருந்து கூலியாளிடம் மாற்றிவிடும் தந்திரமேயாகும்.

இதனிலும் துயரமான பக்கம் ஒன்றுண்டு. 1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. கமக்காரக் குடும்பங்களின் வீடுகளில் எட்டும் இடத்தில் நஞ்சு இருந்தமை, கணநேரத் துயரத்தை மீளமுடியாத மரணமாக மாற்றியது. 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் துணையோடு, மிகக் கொடியவை என வகுக்கப்பட்ட நஞ்சுகள் 1995இலும் எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன. 1996 முதல் 2005 வரையான பத்தாண்டில், அதற்கு முந்திய பத்தாண்டைவிட ஏறத்தாழ 20,000 தற்கொலைகள் குறைந்தன. பின்வந்த தடைகளின் பின்னும் வீதம் மேலும் இறங்கியது. இத்தடைகளால் நாட்டின் விளைச்சல் வீழ்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. மனிதனுக்கு அறத்தை உபதேசித்துக்கொண்டிருந்ததனால் இவ்வுயிர்கள் காக்கப்படவில்லை. எந்த நஞ்சு சந்தைக்கு வரலாம் என்பதைச் சமுதாயம் தீர்மானித்ததனாலேயே காக்கப்பட்டன. தனிமனித அறத்தைப் பற்றி மட்டும் பேசுவோர் நினைவிற் கொள்ளவேண்டிய பாடம் இது.

ஆயின், சட்டம் இயற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதற்கும் எமது நாடே விடை தந்தது. 2021 சித்திரையில் அமைச்சரவை எடுத்த முடிவினால் இரசாயனப் பசளைகளின் இறக்குமதியும் பீடைகொல்லிகளின் இறக்குமதியும் ஒருசேர நிறுத்தப்பட்டன. மண்ணின் மீதும் மக்களின் உடல்நலத்தின் மீதும் கொண்ட அன்பு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்நியச் செலாவணி வறண்டிருந்தமை உடனிருந்த காரணம். மாற்றுப் பசளை எங்கே, மாற்றுப் பூச்சிகொல்லி எங்கே, அவற்றை ஆக்கவும் கற்பிக்கவும் ஆள் எங்கே என்று கேட்ட கமக்காரர் வீதிக்கு இறங்கினர். கார்த்திகையிலே தடை நீக்கப்பட்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அப்பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அரிசியை வெளிநாட்டிலிருந்து கொணரவேண்டி வந்தது.

இரண்டு தடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று. முன்னையது எந்த நஞ்சு யாரைக் கொல்கின்றது என்பதை ஆராய்ந்து, மாற்று இருக்கின்றதா என்று பார்த்து, படிப்படியாக நடந்தது. பின்னையது இயற்கை என்ற ஒரு சொல்லை ஆணையாக மாற்றியது. முன்னையது உழைப்பவன் தலையிலிருந்து ஆபத்தை இறக்கியது; பின்னையது அவன் தலையிற் புதிய ஆபத்தை ஏற்றியது. நோக்கம் நல்லதாயின் அச்செயல் அறமாகிவிடும் என்று நம்புவோர், அந்தப் போகத்தில் நிலத்தைத் தரிசாக விட்ட கமக்காரனின் முகத்தைப் பார்த்துப் பேசுவாராக.

இத்தருணத்தில், "எமது முன்னோர் நஞ்சின்றியே பயிர்செய்தனர், அம்முறைக்குத் திரும்புவோம்" என்று கூறுவோரையும் நாம் எதிர்கொள்ள வேண்டும். முன்னோரின் அறிவு பெரிது. நெல்லுக்குள் வேப்பிலை இட்டமையும், வேப்பம் பிண்ணாக்கைத் தோட்டத்துக்குத் தாட்டமையும், அம்மாள் வருத்தம் கண்ட வீட்டில் வேப்பிலை வைத்தமையும் நீண்டகால அவதானத்தின் பயன். ஆனால் அப்பழந்தோட்டத்தில் துலா மிதித்தவர் யார்? எருவும் குழையும் சுமந்தவர் யார்? விளைந்ததை அளந்து எடுத்துக்கொண்டவர் யார்? நிலமின்றிக் குடிமையிற் கட்டுண்டு கிடந்த ஒடுக்கப்பட்ட மக்களின் முதுகெலும்பின் மீதே அந்தத் 'தூய' விவசாயத்தின் பெரும்பகுதி நின்றது. அவர்களின் பிள்ளைகளுக்குப் பொற்காலம் என்று ஒன்று பின்னால் இல்லை; இருக்குமாயின் அது முன்னாலேயே இருக்கவேண்டும். பழைய அறிவை ஏற்போம். அவ்வறிவு வாழ்ந்த பழைய உறவுகளை ஏற்கமாட்டோம்.

உழைப்பைப் பற்றிய இவ்வினா இன்றும் முடிந்துவிடவில்லை. வேப்பங்கொட்டைச் சாறு பணச்செலவு குறைந்தது என்பர். உண்மை, ஆனால் அது உழைப்புச் செலவு மிகுந்தது. ஆனி, ஆடி மாதங்களில் விழும் பழங்களைப் பொறுக்கிச் சதை கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். கோது நீக்கிய பருப்பை இடித்து, ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் என்ற அளவில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, வெயில் தணிந்த மாலையிற் தெளிக்க வேண்டும். ஏழு அல்லது பத்து நாளில் மீண்டும் தெளிக்க வேண்டும். வீட்டு வளவிலே நாலு கத்தரிக்கும் இரண்டு பாத்தி வெண்டிக்கும் ஒரு கைப்பிடிப் பருப்புப் போதும். ஆனால் ஒரு தோட்டத்துக்கு 200 லீற்றர் கரைசல் வேண்டுமாயின், ஒவ்வொரு தடவையும் 10 கிலோ பருப்பு வேண்டும். அதைப் பொறுக்குவதும் கோது நீக்குவதும் பெரும்பாலும் பெண்களின் கைகள்; அவர்களின் வேலைக்குக் கூலி எழுதப்படுவதில்லை.

கடன்பட்டு மிளகாய் நட்ட கமக்காரன் கடையில் வாங்குவது நஞ்சை மட்டுமன்று. நேரத்தையும் சேர்த்தே வாங்குகின்றான். பல வேளைகளில் அந்நஞ்சைக் கடனாகக் கொடுப்பவரே விளைச்சலை வாங்குபவராகவும் இருக்கின்றார். இந்த நிலையிலுள்ளவனைப் பார்த்து, "நீ ஏன் வேப்பங்கொட்டை இடிக்கவில்லை?" என்று கேட்பது, பசித்தவனைப் பார்த்து உபவாசத்தின் மேன்மையை விளக்குவதை ஒத்தது. அறத்தின் கோரிக்கை எல்லார் மீதும் ஒரே நிறையோடு விழுவதில்லை. மாதச் சம்பளமும் ஓய்வு நேரமும் உடைய ஆசிரியன், தன் வளவில் ஐந்து பூச்செடிக்கும் ஒரு தக்காளிக்கும் கடை நஞ்சு தெளிப்பானாயின் அவன் குற்றம் பெரிது. கடன் கழுத்தை நெரிக்கும் கமக்காரன் தெளிப்பானாயின், அக்குற்றத்தின் பெரும்பங்கு அவனை அந்நிலையில் வைத்த உறவுகளையே சாரும். கூட்டுறவுச் சங்கம் கொட்டைகளை விலை கொடுத்துச் சேர்த்து, இடித்து, தரம் பார்த்து, கட்டுப்படியான விலையில் வழங்குமாயின் அந்தக் கமக்காரனுக்கும் அறம் எட்டும் தூரத்துக்கு வரும். அதுவரை அவனுக்கு உபதேசம் செய்யும் உரிமை எமக்கில்லை.

எஞ்சியிருப்பது அறிவின் உடைமை பற்றிய கேள்வி. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்களின் பங்கசு நோயைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அமெரிக்க விவசாயத் திணைக்களத்துக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற நிறுவனத்துக்கும் காப்புரிமை வழங்கியது. வந்தனா சிவாவும், ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் பசுமை அணியினரும், உயிர்முறை வேளாண்மை இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பும் அதனை எதிர்த்தனர். இது இந்தியாவில் முன்னரே அறியப்பட்டும் பயன்படுத்தப்பட்டும் வந்தது என்பது நிறுவப்பட்டது. 2000இல் அக்காப்புரிமை இரத்துச் செய்யப்பட்டது. 2005இல் மேன்முறையீடும் தள்ளப்பட்டது. முற்றத்து மரத்தின் குணம் ஒரு கம்பனியின் சொத்தாக எழுதப்பட்டு, பின் பத்தாண்டுப் போராட்டத்தின் பின்னரே அழிக்கப்பட்டது. இயற்கை மருந்து என்பதனாலேயே அது மக்களின் மருந்தாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அறிவை மக்களின் உடைமையாக வைத்திருப்பதற்கு நீதிமன்றம் மட்டும் போதாது. அவ்வறிவு மக்களிடையே நடமாட வேண்டும், சோதிக்கப்பட வேண்டும், எழுதப்பட வேண்டும். பாட்டி சொன்னாள் என்பதால் ஏற்பதும் பாட்டி சொன்னாள் என்பதால் நகைப்பதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடிய பணி இங்கேயே இருக்கின்றது. இரண்டு பாத்திகளில் ஒரே பயிரை நட்டு, ஒன்றுக்குத் தெளித்து மற்றதை விட்டு, நாள்தோறும் பூச்சிகளை எண்ணி எழுதுவதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பயன் தராததைப் பயன் தரவில்லை என்று எழுதும் நேர்மை மட்டும் வேண்டும்.

எமது பாடசாலைத் தோட்டத்திலும் அவ்வாறே தொடங்கினோம். அப்பியாசக் கொப்பி ஒன்றிலே கோடுகள் கீறி, எந்தப் பூச்சி, எத்தனை, எப்போது தெளித்தது, பின்பு எத்தனை, சிலந்தியும் பொறிவண்டும் எத்தனை என்று மாணவர் எழுதி வந்தனர். கேள்வி கேட்ட அந்த மாணவியே கொப்பிக்குப் பொறுப்பாக இருந்தாள். சில கிழமைகளின் பின் கொப்பியைப் புரட்டியபோது, யாரும் சொல்லாமலே அவள் புதிதாக ஒரு கோடு கீறி ஒரு தலைப்பும் சேர்த்திருந்தமை தெரிந்தது: 'தெளிக்க வேண்டியிருந்ததா?' அதன் கீழ்ப் பல நாள்களுக்கு அவள் 'இல்லை' என்றே எழுதியிருந்தாள். அழுக்கணவன் ஏறிய செடிகளிற் பொறிவண்டுகள் வந்து சேர்ந்திருந்தன. கையால் பொறுக்கக்கூடிய மயிர்க்கொட்டிகளை மாணவர் பொறுக்கியிருந்தனர். வேப்பஞ்சாறும் வேண்டியிராத நாள்கள் அவை.

இக்கட்டுரையாளன் அன்று கொடுக்காத விடையை அவள் அந்தக் கோட்டின் கீழே எழுதி வைத்திருந்தாள். இனி ஆனி மாதம் வரும். வேம்புகள் பழுத்து உதிரும். கொட்டைகளைப் பொறுக்குவோம். பொறுக்கியதைப் பங்கிடுவோம். தெளிகருவியை எடுக்குமுன் அவள் கேட்ட கேள்வியை நாமும் எம்மைக் கேட்டுக்கொள்வோம்.